சாரல் எப்படி வருகிறது? ஆறாம் வகுப்புக்கு ஒரு பாடம்

குற்றாலத்தில் ஜூன் முதல் ஆகஸ்டு வரை சீசன். தென்காசி, செங்கோட்டை, இலஞ்சிப் பிள்ளைகள் சாரலில் நனைந்தபடிதான் பள்ளிக்கூடம் போவார்கள். சாரல் ஏன் வருகிறது என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "மேகம் மலையில முட்டுது, மழை பெய்யுது" என்பார்கள். பெரியவர்கள் பலரும் அப்படித்தான் நினைத்திருக்கிறோம். அந்தப் பதில் தவறு. ஆனாலும் பாடத்தை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

6 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான அறிவியலில் பெரும்பாலும் கலைச்சொல் முதலில் வந்துவிடுகிறது. 'ஆவி சுருங்குதல்' என்று பிள்ளை பிழையில்லாமல் எழுதும். மேகமும் மலையும் முட்டுகிற படம் மட்டும் மனதில் அப்படியே இருக்கும். வரிசையை மாற்றினால் போதும்: முதலில் பிள்ளையின் ஊகம், அடுத்து சோதனை, கடைசியில் பெயர். அரசுப் பள்ளிகளில் இதே வகுப்புகளுக்காக 2022 நவம்பர் 28 அன்று தொடங்கிய வானவில் மன்றமும் செய்து பார்த்துக் கற்பதற்கான திட்டம்தான்.

சாரலை மூன்று கேள்விகளாகப் பிரிக்கலாம்.

முதல் கேள்வி: காற்றில் தண்ணீர் இருக்கிறதா? இரண்டு எவர்சில்வர் டம்ளர்களில் சிவப்பு மை கலந்த தண்ணீரை ஊற்றி, ஒன்றில் மட்டும் ஐஸ் போடுங்கள். என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். சிறிது நேரத்தில் ஐஸ் போட்ட டம்ளரின் வெளிப்புறம் வியர்க்கும். "டம்ளர் கசியுது" என்று யாராவது சொல்வார்கள். வெள்ளைத் தாளால் துடைத்துக் காட்டுங்கள். தாளில் சிவப்பு இல்லை. அப்படியானால் அந்த நீர் உள்ளிருந்து வரவில்லை. சுற்றியிருந்த காற்றிலிருந்து வந்தது. காற்று குளிர்ந்தால் அதிலுள்ள நீராவி துளியாகும்.

இரண்டாவது கேள்வி: மலையேறும் காற்று ஏன் குளிர்கிறது? மேலே போகப் போக, அதற்கு மேலிருந்து அழுத்தும் காற்று குறைகிறது. அழுத்தம் குறைந்தால் காற்று விரியும். விரியும்போது தன் வெப்பத்தைச் செலவழித்துக் குளிரும். சைக்கிள் டியூபின் வால்வைத் திறந்து, சீறி வரும் காற்றில் விரலை வைத்தால் அந்தக் குளிர்ச்சி தெரியும். துளி திரளத் தொடங்கும் வரை, 100 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 1 டிகிரி செல்சியஸ் குறையும். வாயைக் குவித்து ஊதிக் காட்டுவது இதற்கு நல்ல உதாரணம் அல்ல. அதில் வேறு காரணங்கள் கலந்துவிடும்.

மூன்றாவது கேள்வி: இரண்டும் சேர்ந்தால் மேகம் வருமா? பெரிய பிளாஸ்டிக் பாட்டிலில் சிறிது வெந்நீர் ஊற்றுங்கள். ஆசிரியரே ஊதுவத்திப் புகையைக் கொஞ்சம் உள்ளே விட்டு மூடியை இறுக்கட்டும். பாட்டிலை அழுத்தினால் உள்ளே தெளிவாக இருக்கும். சட்டென்று விட்டால் காற்று விரிந்து வெண்புகைபோல மேகம் தோன்றும். மறுபடி அழுத்தினால் மறையும். புகை விடாமல் இன்னொரு பாட்டிலில் செய்தால் மேகம் சரியாக வராது. துளி திரள்வதற்குத் தூசியும் வேண்டும் என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள். 'ஆவி சுருங்குதல்' என்ற பெயரைக் கரும்பலகையில் எழுத இதுதான் நேரம்.

இனி வரைபடத்தை விரிக்கலாம். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தோடு வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறுகிறது, குளிர்கிறது, கேரளப் பக்கம் மழையாகக் கொட்டுகிறது. மலைக்குக் கிழக்கே பல ஊர்கள் அந்த மாதங்களில் காய்ந்து கிடக்கும். குற்றாலம் மட்டும் எப்படி நனைகிறது? செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாயில் மலை தாழ்ந்திருக்கிறது. அவ்வளவு உயரம் ஏறத் தேவையில்லாததால், ஈரம் முழுவதையும் இழக்காமல் காற்று அந்த வழியே இந்தப் பக்கம் வந்துவிடுகிறது. அதுதான் சாரல். குறுகிய இடைவெளியில் நெருக்கிப் புகுவதால் வேகமும் கூடுகிறது.

பாடம் புரிந்ததா என்பதை அறிய, சொல்லித் தராத ஒன்றைக் கேளுங்கள்: தென்காசியைத் தாண்டி பாவூர்சத்திரம், ஆலங்குளம் என்று கிழக்கே போனால் காற்று அடிக்கிறது, சாரல் ஏன் குறைகிறது? கீழே இறங்கும் காற்றை அழுத்தம் நெருக்குகிறது. காற்று சூடாகி, துளிகள் மறுபடி ஆவியாகின்றன. "பாட்டில அழுத்துனா மேகம் மறைஞ்சதே, அது மாதிரி சார்" என்று ஒரு பிள்ளை சொன்னால், அதற்கு முழு மதிப்பெண் போடலாம். கலைச்சொல் மறந்திருந்தாலும் பரவாயில்லை.