வெள்ளை யானையில் ஒரு கடைசிப் பயணம்

சாவைச் சித்திரமாக எழுதச் சொன்னால் ஓவியர்கள் எதை எழுதுவார்கள்? மேல்நாட்டில் பலர், அரிவாள் ஏந்திய எலும்புக்கூட்டை எழுதினார்கள். நமது சோழ நாட்டு ஓவியனோ ஒரு வெள்ளை யானையை எழுதினான். கூடவே ஒரு குதிரையையும் எழுதினான்!

யானை மேல் இருப்பவர் சுந்தரமூர்த்தி நாயனார். குதிரை மேல் இருப்பவர் அவருடைய தோழர், சேரமான் பெருமாள். இருவரும் இவ்வுலகை விட்டுக் கயிலைக்குப் போகிறார்கள். வானத்தில் ஆடலும் பாடலும் அமர்க்களப்படுகின்றன. மேலே சிவபெருமான் வீற்றிருக்கிறார்.

இந்தச் சித்திரம் இருப்பது தஞ்சைப் பெரிய கோவிலில், கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட அறைகளில். ஆனால் அதன் கதைக்கும் கடலூர், சிதம்பரம் பகுதிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

கெடிலக்கரை வாலிபர்

சுந்தரர் பிறந்த திருநாவலூர், பழைய தென்னார்க்காடு மாவட்டத்து ஊர். அந்த மாவட்டத்தின் தலைநகர் கடலூர். சுந்தரரின் திருமணத்தன்று ஒரு கிழவர் வந்து, "நீ எனக்கு அடிமை" என்று ஓலையை நீட்டினார். திருவெண்ணெய்நல்லூரில் வழக்கு நடந்தது. இந்த வழக்கும் அதே சுவரில் சித்திரமாக இருக்கிறது. பிறகு சுந்தரர் பண்ருட்டி அருகே கெடிலக்கரையிலுள்ள திருவதிகை சென்றார். அங்கிருந்து தில்லைக்குப் போய்க் கூத்தனைக் கும்பிட்டார்.

இக்கதையை விரிவாகப் பாடியவர் சேக்கிழார். 12-ம் நூற்றாண்டில், சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்தில் பெரிய புராணம் அரங்கேறியது என்பது வரலாறு. தஞ்சைக் கோவிலோ 1010-ல் முடிந்தது. ஆகவே, சேக்கிழார் ஏட்டில் எழுதுவதற்கு நூறு ஆண்டுகளுக்கும் முன்பே, இந்தக் கயிலைப் பயணம் சுவரில் எழுதப்பட்டுவிட்டது!

புதைந்து எழுந்த சித்திரம்

பிற்காலத்தில் நாயக்கர்கள் அதே சுவரில் புதிய பூச்சுப் பூசி, வேறு சித்திரங்கள் எழுதச் செய்தார்கள். சோழர் ஓவியம் அடியில் மறைந்தது. அப்படி ஒன்று இருந்ததையே உலகம் மறந்து போயிற்று.

1931-ம் ஆண்டு, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வரலாற்று ஆசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி அந்த இருட்டறைக்குள் நுழைந்தார். மேல்பூச்சு உதிர்ந்திருந்த இடங்களில் பழைய வண்ணங்கள் எட்டிப் பார்த்தன. சோழர் ஓவியம் மறுபிறவி எடுத்தது!

அதே 1931-ல்தான் ஸ்பெயின் நாட்டு ஓவியர் சல்வடோர் டாலி, கடிகாரங்கள் உருகி வழியும் புகழ் பெற்ற படத்தைத் தீட்டினார். கனவில் காண்பதைப் போல வரையும் அந்தப் பாணியை மேல்நாட்டார் புதுமை என்று கொண்டாடினார்கள். யானை விண்ணில் ஏறும் கனவை நம்மவர்கள் 900 ஆண்டுகளுக்கு முன்பே சுவரில் ஏற்றியிருந்தார்கள்!

அழைப்பு ஒருவருக்கே

இந்தக் கதையில் ஒரு நுட்பம் உண்டு. கயிலையிலிருந்து யானை வந்தது சுந்தரருக்கு மட்டுமே. சேரமானை யாரும் அழைக்கவில்லை. நண்பர் போகிறார் என்று அறிந்ததும், அவர் குதிரையின் காதில் ஐந்தெழுத்தை ஓதினார்; குதிரை விண்ணில் பாய்ந்தது. கயிலை வாசலில் சேரமானைத் தடுத்து நிறுத்தி விட்டார்கள். உள்ளே சென்ற சுந்தரர் தோழருக்காக இறைவனிடம் வேண்டிக்கொண்டார். அதன் பிறகே கதவு திறந்தது.

மனிதனுக்குச் சாவைக் காட்டிலும் பெரிய அச்சம், தனியாகப் போக வேண்டுமே என்பதுதான். அந்த அச்சத்திற்குத்தான் ஓவியன் பதில் சொல்லியிருக்கிறான். அவன் சித்திரத்தில் பாடை இல்லை, ஒப்பாரி இல்லை, எமனும் இல்லை. வழித்துணையாக ஒரு நண்பன் இருக்கிறான்.

சைவக் குடும்பங்களில் ஒருவர் மறைந்தால், "சிவபதவி அடைந்தார்" என்று இன்றும் அறிவிப்பு அச்சிடுகிறார்கள். அந்தச் சொல்லுக்கு வண்ணம் தீட்டினால் எப்படி இருக்கும் என்பதைத்தான் தஞ்சைச் சுவர் காட்டுகிறது. அந்த அறைக்குள் பொதுமக்கள் சாதாரணமாகப் போக முடியாது. ஆனால் ஆடி மாதம் சுவாதி நாளன்று சிவன் கோவில்களில் சுந்தரர் குருபூஜை நடக்கும். அன்று யானையை மட்டும் நினைத்தால் போதாது. கூடப் போன குதிரையையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.