வண்டல் சுமந்து வரும் உலோகங்கள்

ஆறு கடலுக்குக் கொண்டு செல்வது நீரை மட்டுமன்று. மலை மண்ணையும் அது சுமந்து செல்கிறது. அம்மண்ணோடு செம்பு, துத்தநாகம், ஈயம், காட்மியம் முதலிய உலோகங்களும் செல்கின்றன. பாறைகள் சிதைவதால் இவை இயற்கையாகவே மிகச் சிறிய அளவில் ஆற்றில் கலப்பவை. செம்பும் துத்தநாகமும் சிறிதளவு உயிர்களுக்குத் தேவையானவையுங்கூட. ஆலைக் கழிவும் சேர்ந்து அளவு மிகும்போதுதான் தீங்கு விளைகிறது.

இவ்வுலோகங்கள் நீரில் கரைந்தே வரும் என்று பலர் எண்ணுவர். ஆனால் அவற்றுள் பெரும்பகுதி நுண்ணிய களிமண் துகள்களில் ஒட்டிக்கொண்டு வருகிறது. துகள் சிறுத்தால், அதே எடை மண்ணுக்கு மேற்பரப்பு மிகும். ஒட்டுவதற்கு இடமும் மிகும். ஆகவே ஆற்று நீரை மட்டும் சோதித்து, 'தூயது' என்று சான்று வழங்குவது, வணிகனின் கல்லாப்பெட்டியைப் பார்த்துவிட்டுக் கிடங்கை மறப்பது போன்றதாகும்.

கழிமுகத்தில் நிகழ்வது என்ன? களிமண் துகள்கள் எதிர் மின்னேற்றம் உடையவை. ஆதலால் ஒன்றையொன்று விலக்கி நன்னீரில் மிதக்கின்றன. உப்புநீர் கலந்ததும் அவ்விலக்கம் குன்றுகிறது. துகள்கள் திரண்டு அடியில் படிகின்றன. ஈயம் பெரும்பாலும் அவற்றோடு தங்கிவிடுகிறது. காட்மியமோ, உப்பிலுள்ள குளோரைடுடன் கூடி, மண்ணை விட்டு நீருக்குள் வந்துவிடுகிறது.

பெரியாற்றை எடுத்துக்கொள்வோம். 1895-இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிந்தது முதல் வைகைக்கும் நீர் தரும் ஆறு இது. மேற்கே ஏலூர்த் தொழிற்சாலைகளைக் கடந்து கொச்சிக் கழிமுகத்தின் வடபகுதியை அடைகிறது. அதன் கரையில் 1967-இல் தொடங்கிய துத்தநாக ஆலை 2014-இல் மூடப்பட்டது. துத்தநாகக் கனியத்தில் காட்மியமும் கலந்திருப்பது இயல்பு. வடபகுதி வண்டலில் இவ்விரண்டும் மிகுந்திருப்பதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். ஆலை மூடினாலும் வண்டல் அங்கேயே கிடக்கும். உலோகம் மட்கி அழியும் பொருளன்று.

பிராணவாயு இல்லாத அடிச்சேற்றில் கந்தகம் இவ்வுலோகங்களைப் பிணித்து வைக்கிறது. கப்பல் செல்லும் தடத்தை ஆழமாக்கச் சேற்றை வாரும்போது, பிராணவாயு புகுந்து அப்பிணிப்பைத் தளர்த்துகிறது. விடுபட்ட உலோகம் மட்டிகளின் உடலில் சேரக்கூடும். அவற்றை அள்ளி விற்றுப் பிழைக்கும் ஏழைகளின் உணவும் வருவாயும் இதில் அடங்கியுள்ளன அல்லவா?

காட்மியத்தின் கொடுமையை ஜப்பான் நாடு அறியும். அங்கு ஜின்சு ஆற்றின் மேற்பகுதியிலிருந்த துத்தநாகச் சுரங்கத்தின் கழிவு, பாசன நீரோடு வயல்களில் படிந்து, அரிசியில் ஏறி, உண்டவர்களின் சிறுநீரகத்தையும் எலும்பையும் நலித்தது. 1968-இல் அந்நாட்டு அரசே இதனை ஏற்றுக்கொண்டது. கொச்சியில் அத்தகைய நோய் கண்டதாக இங்குச் சொல்லவில்லை. எச்சரிக்கையாக இருத்தல் நலம் என்பதே கருத்து.

ஆகவே நீரைச் சோதிக்கும்போதெல்லாம் வண்டலையும் சோதித்தல் வேண்டும். சேற்றை வாருமுன் அதில் உள்ளது யாதென அறிந்து, கொட்டும் இடத்தையும் ஆய்ந்து முடிவு செய்தல் வேண்டும். தெளிந்த நீரைக் கண்டு மகிழ்வோர், அதன் அடியையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக!