அக்கரையிலிருந்து ஓர் அத்தை

திருப்பூரில் கல்யாணம். மணப்பெண்ணின் அத்தை இருப்பதோ இலங்கையில், ஹட்டனுக்கு அருகில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அத்தை வராமல் முகூர்த்தம் நடக்குமா? ஆனால் அத்தை இன்று அந்நிய நாட்டுப் பிரஜை. சொந்தத் தம்பியின் வாசற்படி மிதிக்க அவளுக்கு விஸா வேண்டும்!

இப்படிப்பட்ட குடும்பங்கள் கொங்கு நாட்டில் உண்டு. 1964-ம் ஆண்டு அக்டோபர் மாதம் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, தோட்டத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேர் இலங்கைக்கென்றும் பங்கிடப்பட்டார்கள். மந்தையைப் பங்கிடுகிறவன்கூடப் பசுவையும் கன்றையும் பிரிக்கத் தயங்குவான். இங்கோ, கல்யாணமான அக்காள் அங்கே தங்க, பெற்றோருடன் தம்பி கப்பலேறினான். வந்தவர்கள் நீலகிரித் தேயிலையிலும் நூற்பாலைகளிலும் பிழைப்புத் தேடினார்கள். அங்கே தங்கியோரில் பலர் எந்நாட்டுக் குடிகளுமாக இல்லாமல் காலந்தள்ளி, 2003-ம் ஆண்டுச் சட்டத்தினால்தான் இலங்கைப் பிரஜைகளானார்கள். அத்தையின் பாஸ்போர்ட் அவ்வளவு அருமையாய்க் கிடைத்த வஸ்து!

நல்ல வேளையாக, 2015 முதல் இலங்கையர் இணையத்தின் வழியே விஸாவுக்கு மனுச் செய்யலாம். அதற்கு இந்திய சர்க்காரின் தளத்தையே நாட வேண்டும். அதைப் போலவே வேஷம் போட்டுப் பணம் பறிக்கும் தளங்கள் ஏராளம். பாஸ்போர்ட் இன்னும் 6 மாதமாவது செல்ல வேண்டும். பிரயாணத்துக்குக் குறைந்தது 4 நாள் முன்பே மனு போக வேண்டும். கோயமுத்தூர் விமான நிலையத்திலேயே வந்து இறங்கலாம்.

மனுவில் இந்தியாவில் அறிந்தவர் பெயரும் விலாசமும் கேட்பார்கள். இங்கேதான் தம்பிக்கு வேலை. எழுத்துப் பிசகாமல் தன் விலாசத்தையும் தொலைபேசி எண்ணையும் அவர் எழுதி அனுப்ப வேண்டும். அத்தையின் பெயரோ, வீட்டில் அழைக்கிறபடியல்ல, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். அத்தை வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள், அந்நியர் பதிவு அதிகாரிகளுக்குத் தகவல் தருவதும் வீட்டுக்காரர் கடமை. பலர் இதை ஹோட்டல்களுக்கு மட்டுமே உரிய சட்டமென்று நினைத்துச் சும்மா இருந்துவிடுகிறார்கள்.

ஊரோ திருப்பூர்! "பனியன் கம்பெனியில் இரண்டு வாரம் செக்கிங், பேக்கிங் பார்த்தால் வழிச்செலவாவது தேறுமே" என்று யாரேனும் ஆசை காட்டக்கூடும். கூடவே கூடாது. பார்வையாளர் விஸாவில் கூலி வேலை செய்வது குற்றம். அடுத்த முறை விஸா கிடைப்பதே சந்தேகமாகிவிடும். அத்தைக்குக் கை சும்மா இராதென்றால், கல்யாண வீட்டில் வேலைக்கா பஞ்சம்?