எத்தனை பறவை என்பதோடு, எதைத் தின்கிறது என்றும் பாருங்கள்

உழவு ஓடும்போது டிராக்டருக்குப் பின்னால் உண்ணிக்கொக்கும் மைனாவும் கூட்டமாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். ‘உங்கள் ஊரில் பறவைகள் குறைந்துவிட்டனவா?’ என்று கேட்டால், ‘அப்படி ஒன்றும் இல்லையே, மயில் தொல்லைதான் தாங்க முடியவில்லை’ என்று பலரும் சொல்வீர்கள். அது பொய்யில்லை. ஆனால், மயில் பெருகுவதும் மற்ற பறவைகள் குறைவதும் ஒரே சமயத்தில் நடக்கலாம். தலையை மட்டும் எண்ணினால் இது பிடிபடாது. எந்தப் பறவை எதைத் தின்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உணவு, உடல் எடை, அலகின் நீளம், மரம் பூக்கும் காலம் போன்றவற்றை இனங்களின் பண்புகள் என்கிறோம். வயது, உயரம், தூர் எண்ணிக்கை பார்த்து நெல் ரகம் தேர்வு செய்யும் உங்களுக்கு இது புதிதல்ல. உலக அளவில் பல்லுயிர் மாற்றத்தைக் கண்காணிக்க 2013-ல் விஞ்ஞானிகள் ஆறு வகை அளவீடுகளை முன்வைத்தார்கள். அதில் ஒன்று இந்தப் பண்புகள். 2022-ல் வெளியான ஒரு தொகுப்பில் உலகின் சுமார் 11,000 பறவை இனங்களின் அலகு, இறக்கை, கால் அளவுகள் இருக்கின்றன. அதற்காக அளக்கப்பட்ட பறவைகள் சுமார் 90,000!

இந்தியாவில் என்ன தெரிந்தது?

2023-ல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை, சுமார் 30,000 பறவை ஆர்வலர்கள் பதிந்த குறிப்புகளை வைத்து 942 இனங்களை ஆராய்ந்தது. நீண்ட காலப் போக்கைக் கணிக்க முடிந்தவை 338 இனங்கள். அவற்றில் 60 சதவீதம் குறைந்திருந்தன. எண்ணிக்கையோடு உணவுப் பழக்கத்தையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெளிவானது. பிராணிகளையும் செத்த உடல்களையும் தின்னும் பறவைகள் அதிகம் சரிந்திருந்தன. பூச்சி தின்பவையும் சரிந்திருந்தன. பழமும் தேனும் உண்பவை அவ்வளவு பாதிக்கப்படவில்லை. அப்படியானால் பிரச்சினை இரையில் இருக்கலாம். ஒன்று இரை குறைந்திருக்க வேண்டும், அல்லது அதில் நஞ்சு கலந்திருக்க வேண்டும்.

இரையில் நஞ்சு என்பதற்குப் பாறு கழுகுதான் நாம் கண்கூடாகப் பார்த்த சாட்சி. 1990-களில் இந்தியாவில் மூன்று பாறு இனங்கள் 95 சதவீதத்துக்கும் மேல் அழிந்தன. மாடுகளுக்கு வலி நிவாரணியாகப் போட்ட டைக்ளோபினாக் மருந்துதான் காரணம் என்று 2004-ல் தெரியவந்தது. மருந்து போட்ட மாடு இறந்து, அதைத் தின்ற பாறுவின் சிறுநீரகம் கெட்டது. கால்நடைகளுக்கு அந்த மருந்து 2006-ல் தடை செய்யப்பட்டது. கீட்டோபுரோபேன், அசிக்ளோபினாக் இரண்டும் 2023-ல் தடையாயின. தமிழகத்தில் நீலகிரி அடிவாரத்து மாயாறு பள்ளத்தாக்கில் பாறுகள் இன்னும் மிஞ்சியிருக்கின்றன. மாட்டுக்கு வலி ஊசி தேவைப்பட்டால், பாறுகளுக்குப் பாதுகாப்பான மெலாக்சிகாம் போடும்படி கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

பூச்சி தின்பவை குறைவது உங்கள் செலவுக் கணக்கில் ஏறும். கரிச்சான் குருவி (இரட்டைவால் குருவி) உயரத்தில் உட்கார்ந்து நோட்டம் பார்த்து, பாய்ந்து பூச்சி பிடிக்கும். வயலில் பறவைத் தாங்கி நடச் சொல்வது அதற்காகத்தான். ஆனால், பால் பிடிக்கும் பருவத்துக்குப் பிறகும் தாங்கியை விட்டுவைத்தால், அதே குச்சியில் தானியம் தின்னும் பறவை வந்து உட்காரும். தாங்கி நடுவதைச் சொல்லும் அளவுக்கு, நெல்லிலும் சோளத்திலும் அதை எப்போது எடுப்பது என்று நாம் வலியுறுத்துவதில்லை என்பது என் எண்ணம். விரிவாக்கப் பணியாளர்கள் இதைக் கவனிக்கலாம்.

இனம் அப்படியே இருக்க, அதன் பண்பு மட்டும் மாறுவதும் உண்டு. ஜப்பானின் கியோட்டோ நகரில் செர்ரி மரங்கள் முழுவதுமாகப் பூக்கும் தேதி, பழைய அரசவை நாட்குறிப்புகளிலிருந்து திரட்டப்பட்டு, சுமார் 1,200 ஆண்டுகளுக்குக் கிடைக்கிறது. 2021-ல் மார்ச் 26-லேயே பூத்துவிட்டது. அந்த நெடிய பதிவில் அதுவரை அவ்வளவு சீக்கிரம் பூத்ததில்லை. மரங்களின் எண்ணிக்கையில் இது தெரிந்திருக்காது. அந்த நாட்குறிப்புகளை எழுதியவர்கள் பருவநிலை ஆராய்ச்சிக்காக எழுதவில்லை; பூப் பார்க்கப் போன தேதியை எழுதிவைத்தார்கள், அவ்வளவுதான்.

நம் மாமரம், வேம்பு, புளி, கொன்றைக்கு அப்படி நீண்ட பதிவு அரிது. ‘இந்த வருஷம் முன்னாடியே பூத்துடுச்சு’ என்று வாய்ப்பேச்சாகச் சொல்கிறோம். எத்தனை நாள் முன்பு என்று கேட்டால் தெரியாது. ஒரே மரத்தைத் தேர்ந்து, வாரம் ஒருமுறை துளிர், பூ, காய், பழம் இருக்கிறதா, இல்லையா, கொஞ்சமா, நிறையவா என்று எழுதினால் போதும். ‘சீசன்வாட்ச்’ என்ற திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளே இதைச் செய்கிறார்கள். வரவு செலவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கம் இதற்குப் போதும். மரம் மாறக்கூடாது, தேதி விடுபடக்கூடாது. பூக்காத வாரத்தையும் ‘பூ இல்லை’ என்று எழுதுங்கள், அதுவும் தகவல்தான்.

பறவைகளுக்கு ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுக்கக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளைக் குறித்து இணையத்தில் பதிய வேண்டும். குளங்களுக்கும் சரணாலயங்களுக்கும் ஆர்வலர்கள் தாமாகவே போய்விடுவார்கள். உங்கள் வாய்க்கால் வரப்பில் நீங்கள்தான் நிற்க வேண்டும். பெயர் தெரியாத பறவையைப் படம் எடுத்து உங்கள் ஊர்ப் பள்ளி ஆசிரியரிடம் காட்டுங்கள்.