அலகைப் பார்த்தால் ஆகாரம் தெரியும்

உலகில் ஏறத்தாழ 11,000 பறவை இனங்கள். இந்தியாவில் மட்டும் 1,300-க்கு மேல். சிலவற்றைப் பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டாம், பெங்களூரு ஹெப்பாள் ஏரிக்கரையே போதும்.

கூழைக்கடா கீழலகுப் பையால் மீனைத் தண்ணீரோடு அள்ளும். நீரை வடித்துவிட்டு விழுங்கும். மஞ்சள் மூக்கு நாரை இன்னும் கெட்டி! கலங்கல் நீரில் அலகைப் பாதி திறந்து இப்படியும் அப்படியும் துழாவும். மீன் உரசியதும் பட்டென்று மூடிவிடும்; கண்ணுக்கு வேலையே இல்லை. குளிர்கால விருந்தாளி தட்டைவாயன் வாத்தோ, அகன்ற அலகோரச் சீப்புப் பற்களால் நீரைச் சலித்து இரை தேடும். ஒரே ஏரிதான், ஆளுக்கொரு பந்தி!

இதே ஊரின் லால்பாக் பூங்காவில் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலையில் பறவை ஆர்வலர்கள் கூடுவது நெடுநாள் வழக்கம். பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஒருமுறை போய் வாருங்கள்.