மயக்க ஊசி எதிரி அல்ல!

‘ரத்தத்துலயே கோளாறு இருக்கே... மயக்க மருந்து கொடுத்தா தாங்குவானா டாக்டர்?’

சிக்கிள் செல் சோகை உள்ள பிள்ளைக்கு ஆபரேஷன் என்றதும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இது. முன்கூட்டியே தயார் செய்தால் தாங்குவான். மருந்தைவிட அவனுக்குப் பெரிய எதிரிகள் குளிர், தாகம், பிராணவாயுக் குறைவு, தொற்று.

அதென்ன சிக்கிள் செல்?

பரம்பரையாக வருவது. பிராணவாயு குறைந்தால் சிவப்பணுக்கள் கதிர் அரிவாள் போல வளைந்து விறைத்து, நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைத்துவிடும். உயிர்போகிற வலி வரும். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் 1952லேயே இது கண்டறியப்பட்டது. மலைவாழ் மக்கள் நிறைந்த தருமபுரி மாவட்டத்திலும் இந்த விழிப்பு அவசியம்.

அங்கே கல்வராயன், சித்தேரி மலைகளுக்கு நடுவே உள்ள சிட்லிங்கியில், 1993ல் ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கினார்கள் டாக்டர் ரெஜி ஜார்ஜ் – டாக்டர் லலிதா தம்பதி. ரெஜி, மயக்கவியல் படித்தவர். கத்தி பிடிப்பவர் மட்டுமல்ல, மயக்கம் கொடுப்பவரும் பக்கத்தில் இருந்தால்தான் மலையில் ஆபரேஷன் நடக்கும். தருமபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

டாக்டர் என்ன செய்வார்?

* ஹீமோகுளோபின் அளவைப் பார்த்து, தேவைப்பட்டால் முன்னதாகவே ரத்தம் ஏற்றுவார். பொருத்தமான ரத்தம் கிடைக்க நேரமாகலாம். அதனால் கடைசி நேரத்தில் சொல்லாதீர்கள்!

* நரம்பு வழியே திரவம் ஏற்றி உடம்பு வறளாமல் பார்ப்பார்.

* தியேட்டரில் போர்வை, வெதுவெதுப்பான திரவம் என்று உடம்புச் சூட்டைக் காப்பார்.

* பிராணவாயு அளவை விரலில் மாட்டும் கருவியால் ஆபரேஷன் முடிந்த பிறகும் கவனிப்பார்.

நீங்கள் செய்ய வேண்டியது

‘ஒரு சொட்டுத் தண்ணிகூடக் குடிக்கக் கூடாது’ என்று முந்தின ராத்திரியிலிருந்தே வாயைக் கட்டாதீர்கள். பெரும்பாலோருக்கு ஆபரேஷனுக்கு 2 மணி நேரம் முன்புவரை வெறும் தண்ணீர் தரலாம். உங்கள் பிள்ளைக்கு எப்படி என்பதை மயக்க மருந்து டாக்டரிடமே கேளுங்கள்.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சாச்சு என்று அசந்துவிடவும் கூடாது. முதல் மூன்று நாள் முக்கியம். காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்தால் மூச்சை ஆழமாக இழுக்க முடியாது. நுரையீரலுக்கு அது ஆபத்து.

பெற்றோர் ஒருவரிடமிருந்து மட்டும் இந்தக் குறை வந்திருந்தால் அது நோயல்ல. சாதாரண ஆபரேஷனில் பெரும்பாலும் சிக்கல் வராது. ஆனாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

2023 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தில், பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரை உள்ளவர்களுக்குப் பரிசோதனை செய்கிறார்கள். ரிசல்ட் அட்டையைப் பத்திரமாக வையுங்கள். ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது முதலில் பையில் போட வேண்டியது அதுதான்!