ஜிம்னி, தார் வண்டியில் சைக்கிளை எங்கே மாட்டலாம்... கூரையிலா, ஸ்டெப்னியிலா?

பைக் ரேக் என்றதும் புல்லட்டை ஏற்றுவதாக நினைக்காதீர்கள். இது சைக்கிளுக்கான தாங்கி! ஜிம்னி, தார் போன்ற ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் ஸ்டெப்னி பின்கதவில் தொங்குகிறது. அதனால், டிக்கி கதவில் பெல்ட் போட்டுக் கட்டும் சாதாரண ரேக் சரியாக உட்காராது.

கூரையில் ஏற்றலாம்தான். ஆனால், ஜிம்னியின் உயரமே 1.72 மீட்டர். மேலே சைக்கிளை நிறுத்தினால் 9 அடி தாண்டிவிடும். அந்த ஞாபகமே இல்லாமல் அப்பார்ட்மென்ட் பேஸ்மென்ட்டுக்குள் நுழைந்தால் சைக்கிளும் போச்சு, கூரையும் போச்சு! துணிக்கூரை தார் என்றால் இந்த யோசனையே வேண்டாம்.

என் ஓட்டு, ஸ்டெப்னியில் மாட்டும் ரேக்குக்கு. ஏற்றி இறக்க ஸ்டூல் தேட வேண்டியதில்லை. ஆனால், ஸ்டெப்னி, ரேக், சைக்கிள் மூன்றின் எடையையும் கதவின் கீல்தான் தாங்க வேண்டும். கியர் சைக்கிள் சுமார் 15 கிலோ. இ-சைக்கிள் பலவும் 20 கிலோவைத் தாண்டும். எனவே, ஒரு சைக்கிளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இ-சைக்கிள் என்றால் பேட்டரியைக் கழற்றி வண்டிக்குள் வையுங்கள்.

நம்பர் பிளேட் மறைந்தால் போலீஸ் நிறுத்துவார். அதைவிட மோசம், பிரேக் லைட் மறைவது. கொண்டை ஊசி வளைவில் பின்னால் வருபவருக்கு நீங்கள் பிரேக் போட்டதே தெரியாது. கடையிலேயே சைக்கிளை மாட்டி, பின்னால் நின்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.